கால்நடையாகக் கொடைக்கானல்

கொடைக்கானலுக்குப் போவதில் இப்போது என்ன சிரமம் இருக்கிறது? வத்தலக்குண்டில் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு, வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்துகொண்டு கண்ணை மூடினால், இரண்டு இரண்டரை மணி நேரத்தில் ஏரிக்கரையில் இறங்கி ஸ்வெட்டருக்குப் பேரம் பேச ஆரம்பித்துவிடலாம். நடுவில் மலை என்று ஒன்று இருந்ததே பல பேருக்கு ஞாபகம் இராது.

நம் கொள்ளுப்பாட்டி காலத்தில் அப்படியில்லை. 1875-ல் தெற்கே ரயில் பாதை நீண்டபோது அம்மையநாயக்கனூரில் ஒரு ஸ்டேஷன் வந்தது. இன்று 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேஷன்தான் அது. அங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டி பிடித்து, ராத்திரி முழுவதும் 33 மைல் குலுங்கிக் குலுங்கி, பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வந்து சேருவார்கள். அதற்கு மேல் 12 மைல் மலைப்பாதை. குதிரை கிடைத்தவர்கள் குதிரையில். துரைசானிகளும் குழந்தைகளும் ஆட்கள் தூக்கும் நாற்காலியில். மற்றவர்களுக்கு நடராஜா சர்வீஸ்தான். மோட்டார் சாலை முடிந்தது 1914-ஐ ஒட்டி. ஆனால் கலெக்டர் லெவிஞ்ச் துரை அங்கே ஏரியை உண்டாக்கியதோ 1863-ல்! அரை நூற்றாண்டுக் காலம் அந்த ஊரின் மேஜை, நாற்காலி, தகரப் பெட்டி, அரிசி மூட்டை எல்லாமே மனிதர் தலையிலும் தோளிலும், மாட்டின் முதுகிலுமாகத்தான் மேலே போயின.

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மலை ஏறுகிறவர்களுக்காக ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி. அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 6,000 அடி ஏற்றம். ஆக, நாலும் மூன்றும் ஏழு மணி நேரம்! அதுவும் திடகாத்திரமான ஆசாமி எங்கும் உட்காராமல் போனால். விடியற்காலையில் புறப்பட்டதன் காரணம் புரிகிறதல்லவா? அடிவாரத்தில் வெயில் ஏறுமுன் முதல் மூன்று மைலைத் தாண்டிவிட வேண்டும். ஆனால் அவசரப்பட்டும் தாண்டிவிடக் கூடாது.

இந்த மலையைக் காலால் ஏற வேண்டும் என்ற ஆசை என்னுடையதல்ல, என் அண்ணியுடையது. அண்ணி பிறந்தது பெரியகுளம். சின்ன வயசில் மொட்டை மாடியில் வடாம் காயப் போடும்போதெல்லாம் எதிரே நீலமாய் நின்ற மலையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு பத்துத் தடவையாவது கொடைக்கானலுக்குப் போயிருப்பாள், பஸ்ஸிலும் காரிலும். "அது போனதா? கொண்டுபோய் விட்டது" என்பாள். அண்ணன் காலமான பிறகு இந்தப் பேச்சு அடிக்கடி வர ஆரம்பித்தது. அண்ணிக்கு வயசு 61. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை போனில், "அம்மா, உனக்கு என்ன பைத்தியமா?" என்றான். டாக்டரோ, "தாராளமாகப் போங்கள். மூச்சு இரைக்கும்படி மட்டும் நடக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். மலை ஏறப் போகிறவளிடம் மூச்சு இரைக்காதே என்றால் என்ன அர்த்தம்?

என் அக்கா பெண் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்து உடனே சேர்ந்துகொண்டாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படிச் செய்யவில்லை. அவள் அப்போது துள்ளும் நிலையில் இல்லை. ஒரு வருஷம் பயிற்சி செய்து, ஜனவரி ஆரம்பத்தில் கடலோர நகரம் ஒன்றில் மராத்தான் ஓடப் போனாள். மொத்தம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். நம் கணக்கில் 26 மைலுக்குச் சற்று மேல். அதில் முப்பதாவது கிலோமீட்டரில் கால் மடங்கி நடைபாதையில் உட்கார்ந்தவளை ஆம்புலன்ஸில் ஏற்றி அழைத்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஓட்டச் செருப்பைப் பரணில் போட்டுவிட்டாள். "இனிமேல் அந்தப் பேச்சே வேண்டாம், சித்தி" என்றாள். அவளை இழுத்துக்கொண்டு போனது அண்ணிதான். "ஓட வேண்டாம், என் கூட நடந்து வாயேன். எனக்கும் ஒரு துணை" என்றாள். அவளுடைய தம்பியும் வந்தான். இருபது வயசு, காலேஜில் கால்பந்து ஆடுகிறவன். என் கணவர், "நான் பஸ்ஸில் போய் மேலே காபியோடு காத்திருக்கிறேன். யாராவது ஒருவர் புத்தியோடு இருக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டார்.

கும்பக்கரை அருவியிலிருந்து வெள்ளகவி என்ற மலைக் கிராமத்துக்கும், அங்கிருந்து வட்டக்கானல் வழியாகக் கொடைக்கானலுக்கும் போகிற பாதையைத் தேர்ந்தெடுத்தோம். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற வெள்ளைக்காரர் மலையை அளக்க வந்தபோது வெள்ளகவி வழியாகத்தான் மேலே ஏறினார். வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கியது 1845-ல். அதற்கெல்லாம் முன்பிருந்தே மனிதர் வாழ்ந்த ஊர் வெள்ளகவி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இஷ்டத்துக்குப் புறப்பட்டுவிடுகிற பாதை அல்ல இது. யானையும் காட்டு மாடும் நடமாடும் காடு. 2018-ல் போடிக்கு அருகே குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லையே! வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வழி தெரிந்த உள்ளூர் ஆளோடுதான் போக வேண்டும்.

நாங்கள் புறப்பட்டது தைப்பூச சமயம். மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். பச்சை வேட்டியும் மஞ்சள் துணியுமாகச் சாலையோரம் சாரை சாரையாக நடந்தார்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் குன்றக்குடியில் கூடி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு பழனிக்கு நடப்பது பல தலைமுறைப் பழக்கம். அண்ணி காரை நிறுத்தச் சொல்லி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கவனித்தாயா? எழுபது வயசுக் கிழவியும் நடக்கிறாள், ஆறு வயசுப் பிள்ளையும் நடக்கிறது. யாரும் யாரையும் முந்துவதில்லை" என்றாள். ஒருவர் பாட, மற்றவர்கள் 'அரோகரா' போட, பாட்டின் தாளத்துக்குத்தான் கால் போயிற்று. பாடிக்கொண்டே ஒருவன் ஓட முடியுமா, சொல்லுங்கள்!

கும்பக்கரையில் காலை ஐந்தரை மணிக்கு எங்களுக்காகக் காத்திருந்தார்கள் இருவர்: வெள்ளகவிக்காரரான ஒரு பெரியவர், அவருடைய மகன். பெரியவருக்கு அண்ணி வயசு இருக்கும். ஒல்லியான தேகம், காலில் செருப்பில்லை. மகனுக்கு முப்பது வயசு. எங்கள் மூட்டைகளையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டான். பாம்பாறு பாறைகளில் விழும் சத்தம் இருட்டில் கேட்டது.

பெரியவர் நடக்க ஆரம்பித்தார். என்ன நடை என்கிறீர்கள்! எங்கள் தெருவில் கர்ப்பிணிப் பெண்கள்கூட இதைவிட வேகமாகக் கோவிலுக்குப் போவார்கள். ஒரு சாண் அளவுக்கு ஓர் அடி. பாதம் முழுவதும் தரையில் பதிந்த பிறகுதான் அடுத்த அடி. உயரமான கல் வந்தால் தாவி ஏறுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். மேடு செங்குத்தானால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து ஏறுகிறார். பத்து நிமிஷத்துக்கெல்லாம் மருமகனுக்குப் பொறுக்கவில்லை.

"தாத்தா, இப்படிப் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

"நாளைக்குச் சேரத்தானே தம்பி கெளம்பியிருக்கோம்?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

உண்மைதான். அன்று வெள்ளகவியில் தங்கி, மறுநாள் மேலே போவதாகத்தான் ஏற்பாடு. ஆனாலும் இருபது வயசுக் கால்களுக்கு அந்த நியாயம் ஏறுமா? "நான் முன்னால் போய் நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்" என்று கிளம்பிவிட்டான். பெரியவர் மகனுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் மூட்டையோடு பின்னாலேயே போனான். மருமகன் ஓட்டமும் நடையுமாக ஏற, அவனோ தன் நடையை மாற்றவேயில்லை. வளைவில் இரண்டு பேரும் மறைந்தார்கள்.

"நீங்க பேசிக்கிட்டே வாங்கம்மா. பேச்சு நின்னா நானும் நின்னுருவேன்" என்றார் பெரியவர் அண்ணியிடம்.

பேசச் சொன்னால் அண்ணிக்குக் கேட்பானேன்? பெரியகுளத்து மாம்பழம், அவள் படித்த பள்ளிக்கூடம், நாத்தனார் முறையில் நான் செய்த அட்டகாசங்கள் என்று வரிசையாக வந்தன. கொஞ்சம் ஏற்றம் கூடி வாக்கியம் நடுவில் அறுந்தால் போதும், பெரியவர் நின்றுவிடுவார். உட்கார விடமாட்டார், கோலை ஊன்றி நின்றபடி இருபது முப்பது மூச்சு, ஒரு வாய் தண்ணீர். பிறகு அதே ஆமை நடை. அக்கா பெண் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணிக்குக் கட்டிவிட்டாள். நாடித் துடிப்பை எண்ணிக் காட்டும் கடிகாரம் அது. அண்ணி சரளமாகப் பேசும்போது 112, 115 என்று காட்டும். பேச்சுத் திக்கினால் 130-ஐத் தாண்டும். "220-லிருந்து வயசைக் கழித்தால் உச்சவரம்பு உத்தேசமாகத் தெரியும் என்பார்கள். அத்தைக்கு 159. நான் இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கிய கடிகாரம் சொல்வதை இவர் காதால் கேட்டே சொல்கிறாரே!" என்று அதிசயப்பட்டாள். மூன்று வாரத்தில் அவள் தானாக வாயைத் திறந்து ஓட்டத்தைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

நான் மெள்ளத் தூண்டினேன். "அன்றைக்கு உனக்கு என்னதான் ஆயிற்று?"

"முதல் பத்து கிலோமீட்டர்தான் ஆயிற்று, சித்தி" என்றாள்.

மேளம் கொட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள். ஒரு வாரமாகக் காலுக்கு ஓய்வு கொடுத்திருப்பதால் உடம்பு பஞ்சாகப் பறக்கிறது. பயிற்சியில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் என்று வைத்திருந்தவள், அன்று ஆறே கால் நிமிஷத்தில் ஓடினாளாம். கஷ்டமே தெரியவில்லையாம். "அதுதான் மோசம், சித்தி. கஷ்டமாக இருந்திருந்தால் நின்றிருப்பேன்."

அவள் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். உடம்பு இரண்டு விதமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறது. ஒன்று, தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் சர்க்கரைச் சத்து. இது கைப்பையில் இருக்கிற சில்லறை மாதிரி. நினைத்தவுடன் எடுக்கலாம், ஆனால் கொஞ்சம்தான். மொத்தமே சுமார் 2,000 கலோரி. இன்னொன்று கொழுப்பு. இது பாங்கியில் போட்ட பணம். ஒல்லியானவர்களிடம்கூட ஏராளமாக இருக்கும், ஆனால் எடுப்பதற்கு நேரமாகும். நிதானமாகப் போகிறவரைக்கும் உடம்பு பாங்கியிலிருந்து நிறையவும் கைப்பையிலிருந்து கொஞ்சமுமாக எடுக்கும். வேகத்தைக் கூட்டினால் கைப்பைதான் கரையும். முதல் தேதி சம்பளம் வந்ததும் கடைத்தெருவில் புகுந்து, பத்தாம் தேதிக்குள் காலி செய்துவிட்டு, மீதி இருபது நாளும் ரசம் வைத்துச் சமாளிக்கும் குடித்தனங்களை நமக்குத் தெரியாதா? அக்கா பெண்ணின் இருபதாம் தேதி, முப்பதாவது கிலோமீட்டரில் வந்துவிட்டது. மராத்தான் ஓடுகிறவர்களில் மிகப் பல பேருக்கு அதே இடத்தில்தான் வருமாம்.

இது இன்று நேற்று நடப்பதல்ல. 1896-ல் ஆதன்ஸ் நகரத்து முதல் ஒலிம்பிக்கில் லெர்முசியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பத்தில் எல்லோரையும் வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டுப் பறந்தார். 32-வது கிலோமீட்டர் வாக்கில் முடியாமல் விலகிவிட்டார். அடுத்து முன்னுக்கு வந்தவர் ஆஸ்திரேலியாக்காரரான பிளாக். 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் ஜயித்த வீரர். அவரும் முடிவுக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் தள்ளாடி விழுந்தார். ஜயித்தது, தண்ணீர் சுமந்து விற்று வந்த ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர். 40 கிலோமீட்டரை 2 மணி 58 நிமிஷம் 50 விநாடியில் முடித்தார்.

இவ்வளவையும் அவள் சொல்லி முடிப்பதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டான். அடிவாரத்துக் காடு வறண்ட காடு; முட்புதரும் பாறையும்தான். மலைக்குப் போகிறோம், குளுகுளுவென்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் மைல்கள்தான் அத்தனையிலும் உஷ்ணமானவை. மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறைந்துகொண்டே வரும். சூடு அதிகமான இடத்தில் வேகமும் அதிகமானால் என்ன ஆகும் என்பதைப் பத்தரை மணிக்குப் பார்த்தோம்.

ஒரு பாறை நிழலில் மருமகன் படுத்துக் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டானாம். கெண்டைக் கால் இரண்டும் கட்டை போல இறுகிப் போயிருந்தன. பெரியவரின் மகன் அவன் காலை நீவிக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. திரும்பிப் போக மூன்று மணி நேரம். மேலே போக அதைவிட அதிகம். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பெரியவர் பதறவில்லை. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டார். அண்ணி மூட்டையைப் பிரித்தாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று கரைத்து, மடக் மடக்கென்று குடிக்க விடாமல், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வாயாகப் புகட்டினாள். (பேதி கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே அளவுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) முக்கால் மணி கழித்து எழுந்து உட்கார்ந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எலுமிச்சஞ்சாதம் இருக்கிறதா என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

தெம்பு வந்ததும் வாதமும் வந்துவிட்டது. "1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் தடவையாக மராத்தான் வைத்தார்களே, அதில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் என்ன செய்தாள்? மூன்று மைல் முடிந்ததுமே கூட்டத்தை விட்டுத் தனியாக முன்னால் போய்விட்டாள். கடைசி வரையில் யாரும் பிடிக்கவில்லை. தங்கப் பதக்கம்!" என்றான். அதே ஒலிம்பிக்கில்தான் நம் பி. டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். நமக்கு அதுதான் ஞாபகம்.

"அவள் வேகத்தைக் கூட்டவில்லையடா" என்றாள் அக்கா. "அவள் போனது அவளுடைய நடை. மற்றவர்கள்தான் அதைவிட மெதுவாகப் போனார்கள். நீ போனது யாருடைய நடை? உன்னுடையதா?" அவன் பதில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளும் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

அதன் பிறகு அந்தப் பையன் அண்ணிக்குப் பின்னால்தான் நடந்தான். அவள் கால் வைத்த இடத்தில் தன் காலை வைத்துக்கொண்டு, சமர்த்தாக வந்தான். முக்கால் மணிக்கு ஒரு தடவை, பசிக்கிறதோ இல்லையோ, ஆளுக்கு ஒரு கை பொரிகடலையும் வெல்லமும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகிவிடும் என்று பெரியவர் சொன்னார். மராத்தான்காரர்களும் இதையேதான் செய்கிறார்களாம். வறண்ட காடு மெள்ள மெள்ள மாறிற்று. நிழல் வந்தது, பலா மரம் வந்தது, காபிச் செடி வந்தது. நாலரை மணிக்கு நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. வெள்ளகவி!

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊருக்குள் யாரும் காலில் செருப்புப் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு நெருங்கிக் கோவில்கள். ஊரே கோவில் என்பது அவர்கள் எண்ணம். சூடான பாதையிலிருந்து குளிர்ந்த மண்ணில் வெறுங்காலை வைத்தபோது உண்டான சுகத்தை என்னவென்று சொல்வேன்! பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெல்லம் போட்ட காபி குடித்தோம். அவர்கள் தோட்டத்துக் காபி.

திண்ணைக்கு மேலே உத்திரத்தில் நீளமான ஒரு மூங்கிலும், மடித்த கம்பளியும் செருகியிருந்தன. "அது என்ன?" என்றாள் அண்ணி.

"டோலிம்மா" என்றார் பெரியவர்.

நாங்கள் போன சமயம் அந்த ஊருக்கு வண்டிப் பாதை வந்திருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக, நோயாளிகளை மேலே வட்டக்கானலுக்கோ கீழே பெரியகுளத்துக்கோ தோளில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மழை ராத்திரியில் பெரியவரின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடப்பதாக மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஆறு ஆண்கள், தீப்பந்தத்தோடு, டோலி கட்டித் தூக்கினார்கள்.

"நமக்கு ஒரே பதட்டம். எடுத்த எடுப்புல ஓடணும்னு கால் பறக்குது. என் சித்தப்பா ஒருத்தர் முன்னால புடிச்சாரு. 'ஓடுனியின்னா கட்டையால அடிப்பேன்டா'ன்னாரு. எறக்கத்துல வேகமா எறங்குனா தொடை நடுங்கிப்போகும். பாதி வழியில தோள் மாத்த ஆள் இருக்காது. மொதக் கல்லுலேருந்து கடைசி வரைக்கும் ஒரே நடைதான். அவ உள்ளேருந்து முனகிக்கிட்டே இருந்தா. முனகல் சத்தம் கேக்குற வரைக்கும் சரின்னு நடந்தோம்."

யாரும் பேசவில்லை. கடைசியில் அண்ணிதான் மெதுவாகக் கேட்டாள், "அப்புறம்?"

பெரியவர் முற்றத்தைக் காட்டினார். அங்கே எங்கள் மூட்டைகளைச் சுமந்து வந்த மகன், மருமகனுக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தான். "இந்தப் பயதான்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "என் கதையச் சொல்லலைன்னா அவருக்குப் பொழுது போகாது" என்று குரல் கொடுத்தாள்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்ட பிறகு அண்ணி என்னிடம், "நாளைக்கு எனக்கு முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். என்னைத் தூக்க ஆறு பேரைத் தேட வைக்க மாட்டேன்" என்றாள். எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஏற்றம் முதல் நாளைவிடக் கடுமை. ஆனால் சோலைக் காடு, பாசி படிந்த மரங்கள், எங்கும் ஈரம். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. 7,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். கொடைக்கானலில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்போ வேகாது. நுரையீரலுக்கும் அதே கதைதான். அண்ணியின் வாக்கியங்கள் சின்னச் சின்னதாயின. ஒரு கட்டத்தில் அவள் கந்தர் சஷ்டிக் கவசத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். பெரியவர் அதற்கேற்ப இன்னும் அடியைக் குறைத்தார். டால்பின் மூக்குப் பாறைக்குக் கீழே, நேற்று வந்த வழியெல்லாம் ஒரு நூல் மாதிரித் தெரிந்தது. வெகு ஆழத்தில், வெயில் மூட்டத்தில், பெரியகுளம். அண்ணி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வடாம் காயப் போட்ட மாடியைத் தேடினாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

வட்டக்கானலுக்கு வந்தபோது மணி இரண்டு. டீக்கடை வாசலில் ஜீப்புடன் என் கணவர் நின்றார். "காபி ஆறிப் போய்விட்டது" என்றார். அண்ணி டீயைக் குடித்துவிட்டு, "ஜீப்பில் மூட்டைகளை ஏற்றுங்கள். நான் ஏரி வரையில் நடந்தே வருகிறேன். அதற்குத்தானே நேற்றிலிருந்து மிச்சம் பிடித்தேன்?" என்றாள். பெரியவர் சம்பளத்தை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று, அதே ஒரு சாண் அடியாக இறங்கிப் போனார்.

இரண்டு நாள் ஏரிக்கரையில் தங்கிக் காலை நீட்டிக்கொண்டு ஓய்வெடுத்தோம். மூன்றாம் நாள் காலை பனி விலகுவதற்கு முன் விழித்துப் பார்த்தால் அக்கா பெண்ணின் படுக்கை காலி. அண்ணியையும் காணோம். சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். ஏரியைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். படகுத் துறைக்கு எதிரே ஒரு பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள், கையில் அந்தக் கடிகாரத்தோடு.

"முதல் சுற்று நாற்பத்திரண்டு நிமிஷம்" என்றாள். "என்னோடு பேசிக்கொண்டே நடந்தாலும் நடக்கலாம், அவ்வளவு மெதுவாகப் போகிறாள். இரண்டாவது சுற்றில் என்ன செய்கிறாள் பார்ப்போம்."

பனிக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அவள் எங்களைத் தாண்டும்போது, "நாற்பது!" என்று அண்ணி கத்தினாள். "போதுமா, இன்னும் உண்டா?"

"இன்னும் ஒன்று, அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மூச்சு இரைக்கவில்லை.